கப்பல் தெரிகிற தூரம்

பெல்பாஸ்டிலிருந்து ஷைனி அனுப்பிய படிவத்தில்
ஒவ்வொரு துறைமுகத்துக்கும் இரண்டு கட்டம்.
வழிகாட்டியோடு. தனியாக.
ஞாயிறுக்குள் குறியிட்டு அனுப்ப வேண்டும்.

ஏழு இரவு, ஐந்து கரை.
"ஏழு நாளு கடல்ல கெடந்துட்டு
ஒரு சாளகூட இல்லாம திரும்பவா?"
முட்டத்தில் முப்பத்தெட்டு வருடம் வள்ளம் இறக்கிய
சிலுவைதாசனின் முதல் கேள்வி.
எனக்குக் கடலென்றால் வாந்தி.
ரோமாபுரி என்றார்கள், சம்மதித்தேன்.

வழிகாட்டிக்கு ஆளுக்கு நூற்றெழுபது யூரோ.
நெஞ்சில் எண் ஒட்டுவார்கள்,
தூக்கிப் பிடித்த குடைக்குப் பின்னே நடக்க வேண்டும்,
ஒதுங்குவதும் அவர்கள் சொல்லும் இடத்தில்.
ஆனால் அந்த பஸ் பிந்தினால்
கப்பல் காத்துக்கிடக்கும்.
தனியே போனால் ரயிலுக்குச் சில்லறைதான்,
நினைத்த படியில் உட்காரலாம்.
ஐந்தரைக்கு ஏணியை எடுத்துவிடுவார்கள்.

அவர் திட்டம் போட்டது வேறு மாதிரி.
எந்த ஊரைச் சொன்னாலும்,
"கடல்ல நிண்ணு பாத்தா என்ன தெரியும்?"
நேப்பிள்ஸில் எரிமலை தெரியும் என்றேன்.
தலையாட்டினார்.
"கோயில் கோபுரமும் மலையும் ஒத்து வந்தா
அங்கதான் வலை.
கரையப் பாத்து கடல்ல நடந்தோம்.
இனி கப்பலப் பாத்து கரையில நடப்போம்.
புகைக்குழல் தெரியுத தூரம்.
அதுக்கு மேல ஒரு அடி கெடையாது."
துறைமுகத்திலிருந்து ரோம் எண்பது கிலோமீட்டர்.
சட்டைப் பையில் பீடி தேடினார்.
விட்டு நாலு வருடம்.

ஒத்திகை பார்க்கலாம் என்றது நான்தான்.
லைட்ஹவுஸ் பாறை கப்பல்,
பத்மநாபபுரம் அரண்மனை ரோம்.
எட்டுக்கு இறங்கி ஐந்தரைக்குள் ஏற வேண்டும்.
ஆட்டோ கூடாது, மகனை அழைக்கக் கூடாது,
தமிழே பேசக் கூடாது.
கடைசி விதி திங்கள்சந்தையில் செத்தது.
இறங்கி மீன் சந்தைக்குள் நுழைந்தவர்
அயிலையின் செவுளைத் தூக்கிப் பார்த்து
எந்த ஐஸ், எத்தனை நாள் என்று
ஒன்றேகால் மணி நேரம் வழக்காடினார்,
வாங்கவும் இல்லை.

அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தால்
மதியச் சாப்பாட்டுக்குக் கதவடைப்பு.
இரண்டுக்குத் திறந்தார்கள்.
வெறுங்காலுக்குக் குளிர்ந்த கறுத்த தரை.
அறைக்கு ஒருவர் நின்று ஒரே மூச்சில் ஒப்பித்தார்கள்.
மூலிகைக் கட்டிலைத் தட்டிப் பார்க்கப் போய்
"கைய எடுங்க" வாங்கிக்கொண்டார்.
திரும்புகையில் தக்கலையில் ஒரு கல்யாண ஊர்வலம்.
பஸ் ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டுக்
காலை நீட்டிக்கொண்டார்.

பாறையில் ஏறும்போது ஆறு பத்து.
வெறும் கடல்.
"போயாச்சு" என்றார்.
நிஜமாகவே ஒன்று போய்விட்டதுபோல்
மேற்கே பார்த்து நின்றோம்.
கையில் மிச்சப் புளிச்சோறு,
அவருடைய சர்க்கரை மாத்திரையெல்லாம்
கப்பலில்.
ஐஸ் சப்பிக்கொண்டிருந்த பயல் கேட்டான்,
"ஆரத் தேடுதிய?"
"கப்பல."

இருட்டியபிறகு சொன்னார்:
"எனக்க வள்ளத்துல நாலு பேரு.
ஒருத்தன் வரல்லேண்ணா நங்கூரம் எடுக்கமாட்டேன்.
மூவாயிரம் பேருல
ரெண்டு பேரு கொறஞ்சா ஆரு எண்ணுவா?"
எண்ணுவார்கள் என்றேன்.
ஆளுக்கொரு அட்டை உண்டு, அதைத் தேய்த்து எண்ணுவார்கள்.
எண்ணிவிட்டுத்தான் போவார்கள்.

அன்றிரவே படிவம் நிரப்பினோம்.
ரோம், வழிகாட்டியோடு.
எண்ணை முதுகில் ஒட்டுவார்களா என்று
ஷைனியிடம் கேட்கச் சொன்னார்.
நேப்பிள்ஸ், தனியாக, புகைக்குழல் தெரிகிற தூரம்.
இன்னும் இரண்டு ஊர் அவளே பார்த்துக்கொள்ளட்டும்.
சாண்டோரினியில் கப்பல் கரையணையாதாம்,
சின்னப் படகில் இறக்குவார்களாம்.
அலை தூக்கும்போது அந்தப் படகை
எப்படி ஒட்டிப் பிடிக்கிறான் என்று
நாள் முழுக்கப் பார்க்க வேண்டுமாம்,
கரையே வேண்டாமாம்.

அந்த ஊரில் மலை உச்சிக்குக் கம்பி வண்டி உண்டு.
தனியாக என்ற கட்டத்தில்
பேனாவை அழுத்தி இரண்டு முறை குறியிட்டேன்.
ஐந்தரைக்கு நான் வரவில்லை என்றால்?
கேட்கவில்லை.
படகுக்காரனின் கயிற்றைத்
தன் கையில் வாங்கிக்கொள்வார்.